நாலில் ஒன்று

எனக்கு ஒன்றும் இராது, அது எனக்குத் தெரியும், முளையை வெட்டி எடுத்த அன்றைக்கே வயிறு லேசாகிவிட்டது, வயிறு பொய் சொல்லாது, கல்யாண வீட்டு அடுப்படியில் நின்று ஊரார் வயிற்றையெல்லாம் நிரப்பின ஆவுடையம்மாளுக்குத் தன் வயிறு தெரியாதா என்ன, அதெல்லாம் சரி, இவன் ஏன் உட்கார மாட்டேன் என்கிறான்? பெஞ்சில் என் பக்கத்து இடம் சும்மாதான் கிடக்கிறது. மஞ்சப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஏல சங்கிலி, வந்து இரு" என்றேன். "இருந்து இருந்து அலுத்துப்போச்சுக்கா, நாள் பூரா பஸ்ஸுல இருக்கத்தானே செய்யுதேன்" என்றான். தூணில் முதுகைச் சாய்த்து நிற்கிறான் என் தம்பி சங்கிலிபூதத்தான், தென்காசி ரோட்டில் பஸ் ஓட்டுகிறவன், எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காதவன், இப்போது ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றுகிறான், உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல்லில் நிற்கிறவன் மாதிரி. இடுப்பைப் பார்த்தேன். பெல்ட்டில் பழைய ஓட்டைகளைத் தாண்டி உள்ளே ஒரு ஓட்டை, ஆணியால் குத்தினது, ஓரமெல்லாம் பிசிறு. மெலிந்திருக்கிறான். சோறு குறைவாகத் தின்கிறான், அதனால் மெலிந்திருப்பான் என்று ஒரு மனம் சொல்லுகிறது. சோறு ஏன் குறைந்தது என்று இன்னொரு மனம் கேட்கிறது. இந்த இரண்டாவது மனம் இருக்கிறதே, அது என் சமையல் கூட்டத்தில் காய் நறுக்க வருகிற மாடத்தி மாதிரி, வாயை மூடாது. போன மாசம் இதே ஆஸ்பத்திரியில்தான் குழாய் விட்டு என் குடலிலிருந்த முளையை எடுத்தார்கள். நுனியில் கெட்டது, அதுதான் புற்று, தொடங்கியிருந்ததாம். அந்த முளையைச் சீவி, அதற்குள் நாலு புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அனுப்பினார்கள், இன்றைக்குப் பதில் சொல்லுவார்கள். நாலும் இருந்தால் என்னோடு போயிற்று. நாலில் ஒன்று இல்லையென்றால் அது அம்மை வழியாக ரத்தத்தோடு வந்தது, கூடப் பிறந்தவனையும் பார்த்தே ஆகவேண்டும். கூடப் பிறந்தவன் என்று மிச்சம் இருப்பது இவன்தான். இவனுக்கும் வெளிக்கிருக்கையில் ரத்தம் போகிறது. அவனே சொன்னான், சொன்ன கையோடு, "சூடுக்கா, எஞ்சின் சூடு, வேற ஒண்ணுமில்ல" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

புரதம் என்றால் பருப்பு, முட்டை, கொண்டைக்கடலை, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. "நல்லாத்தானே திங்கேன் டாக்டரம்மா, பருப்பு இல்லாம நான் ஒரு நாளும் இலை போட்டதில்லையே" என்றேன். டாக்டரம்மா என்று கூப்பிடுகிறேனே தவிர அது சின்னப் பிள்ளை, பெனிட்டா என்று பேர், சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அன்றைக்கும் விழுந்தது. "திங்கிற புரதம் இல்லை ஆவுடையம்மா, இது உடம்பு தனக்குத் தானே செஞ்சுக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. இந்த நாலுக்கும் பிழை பார்க்கிற வேலை" என்றது. குடலுக்குள்ளே தோல் பழசாகிப் பழசாகி உதிர்ந்து புதுசு வந்துகொண்டே இருக்குமாம், பழசைப் பார்த்துப் புதுசு படி எடுக்குமாம், படி எடுக்கும்போது தப்பு விழத்தானே செய்யும், அந்தத் தப்பைப் பொறுக்கி எறிய நாலு பேராம். அட, கல் பொறுக்குகிறவர்கள்! எனக்கு உடனே விளங்கிவிட்டது. முன்னே கல்யாணச் சமையலுக்கு அரிசி மூட்டை வந்து இறங்கினால் முதல் வேலை அதுதானே, முறத்தைப் போட்டுக்கொண்டு நாலு பொம்பளைகள் உட்கார்ந்தால் ஒரு கல் தப்பாது, ஒருத்தி வராத நாளில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில்தான் பல்லில் கடிபடும். "பேரு என்ன அதுகளுக்கு?" என்று கேட்டேன். எம் என்றது, எஸ் என்றது, ஹெச் என்றது, பின்னாலே ஒரு நம்பர் வேறு, பஸ் நம்பர் மாதிரி, என் மண்டையில் நிற்கவில்லை, நான் என் ஆட்கள் பேரையே வைத்துவிட்டேன், மாடத்தி, பிச்சம்மா, ராசக்கனி, சுப்பு. இன்னொன்றும் சொன்னது அந்தப் பிள்ளை, அதுகள் சோடி சோடியாகத்தான் வேலை பார்க்குமாம், சோடியில் பெரியது வரவில்லையென்றால் மற்றதும் நிற்காதாம். "எங்க ராசக்கனியும் அப்பிடித்தான், பிச்சம்மா வரலைன்னா மொகத்தைத் தூக்கிட்டுப் போயிருவா" என்றேன். பக்கத்திலிருந்த நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அது இருக்கா இல்லையா என்று கண்ணால் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, சாயம் என்றார்கள். வெங்காயத் தோலை விட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, மேலே மருந்தை விட்டால், புரதம் இருக்கிற இடம் பழுப்பாக ஏறுமாம், இல்லாத இடம் நீலமாகவே கிடக்குமாம். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் ஆரத்தி சிவக்கிறதில்லையா, அது போல. இந்நேரம் என் முளை எங்கோ ஒரு கண்ணாடியில் பழுப்பாகவோ நீலமாகவோ கிடக்கிறது. அது என்ன நிறம் என்று யாருக்கோ தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் இங்கே பினாயில் வாடையில் உட்கார்ந்திருக்கிறேன், பசிக்கிறது, பசிக்கிறவளுக்கு என்ன வந்துவிடும், ஒன்றும் வராது.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது மாதிரி இருந்துச்சா?" என்று டாக்டர் பிள்ளை முதல் நாளே கேட்டது. "இல்லையே, எங்க வீட்ல எல்லாருக்கும் மூலம்தான்" என்றேன் நான், ஏதோ எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சுருட்டை முடிதான் என்கிற மாதிரி. எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "மூலம்னு யாரு சொன்னா?" யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை, எல்லாரும் சொன்னார்கள். அம்மைக்கு ரத்தம் போனபோது பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள், வைத்தியர் சொன்னார், அம்மையே சொன்னாள், மூலம், சூடு, கருணைக்கிழங்கு வாங்கிப் போடு. கருணைக்கிழங்கு நறுக்கி நறுக்கி என் கை அரித்தது, புளியைத் தேய்த்துக் கழுவினாலும் ராத்திரி வரைக்கும் அரிக்கும், மசியல் வைத்தேன், குழம்பு வைத்தேன், அம்மை தின்றாள், மெலிந்தாள், போய்ச் சேர்ந்தாள். சங்கிலி அப்போது பால் பல் விழுகிற வயசு. அண்ணன் மந்திரமூர்த்திக்கு நாற்பதைத் தாண்டினதும் வந்தது. லோடு லாரி ஓட்டினவன், எஞ்சின் சூடு என்றார்கள், நல்லெண்ணெய் தேய்த்து முழுகச் சொன்னார்கள், வெந்தயத்தை ஊறப்போட்டு விடியற்காலம் குடிக்கச் சொன்னார்கள், மோராய்க் குடித்தான், இளநீராய்க் குடித்தான், குளிர்ந்து குளிர்ந்து கடைசியில் ஒரேயடியாகக் குளிர்ந்து போனான். நம் ஊரில் சூடு என்கிற ஒரு சொல்லுக்குள்ளே எத்தனையைத்தான் அமுக்கி வைக்கலாம். கண் சிவந்தால் சூடு, மூக்கில் ரத்தம் வந்தால் சூடு, கல்யாணமாகி வயிறு திறக்காவிட்டால் அதற்கும் சூடு, என்னையும் அப்படித்தான் சொன்னார்கள், இளநீர் குடிக்காத நாள் கிடையாது, பிள்ளை பிறக்கவில்லை, இவனைத்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மூலத்தையும் யாரும் பார்க்கவில்லை. வேட்டியை அவிழ்த்துக் காட்ட வெட்கம், சேலையை ஒதுக்கிக் காட்ட வெட்கம், கிழங்கு மட்டும் வெட்கமில்லாமல் கிலோக் கணக்கில் வந்து இறங்கியது. "அம்மா, அண்ணன், இப்ப நீங்க" என்று அந்தப் பிள்ளை விரலை மடக்கியது. நாலாவது விரல் மடங்காமல் நின்றது. அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுதப் போய்விட்டது, எனக்கு மட்டும் அந்த விரல் இன்னும் நிற்கிறது, அதோ தூணில் சாய்ந்து, கால் மாற்றி.

பெஞ்சின் அந்த ஓரத்தில் ஒரு அம்மாள், கடையநல்லூராம், மருமகள் ஸ்கேனுக்குப் போயிருக்கிறாளாம், என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். "கொடல்ல முளை. பின்னாடி வழியாக் குழாய் விட்டு எடுத்துட்டாங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தம்மாள் பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். இருக்கட்டும். சத்தமாகச் சொன்னது அவளுக்காக இல்லை, தூணுக்குக் கேட்கட்டும் என்றுதான். தூண் தலையைத் திருப்பிக்கொண்டது. "பின்னாடியா! வலிக்காதா?" "வலியா? முந்தின நாள் ஒரு தண்ணி குடிக்கச் சொல்லுதாவ பாருங்க, உப்பும் எலுமிச்சையும் கலந்து கடல் தண்ணி மாதிரி, அதைக் குடிச்சு முடிக்கிறதுதான் பாடு. அதுக்கப்புறம் நாம ஓடுத ஓட்டத்துல வெக்கம், மானம், ரோசம் எல்லாமே வெளியே போயிரும். குழாய் வரும்போது விடுததுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது." கடையநல்லூர்க்காரி சிரித்துவிட்டாள், சிரித்ததும் பை பழைய இடத்துக்கு நகர்ந்தது. நிஜமாகவே எனக்கு வலிக்கவில்லை. ஊசி போட்டார்கள், தூக்கமும் இல்லாத முழிப்பும் இல்லாத ஒரு கிறக்கம், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன், எதிரே டிவி. டிவியில் என் குடல். கடவுளே, நான் எத்தனை ஆட்டுக் குடல் கழுவியிருக்கிறேன், சுண்ணாம்பு போட்டு மஞ்சள் போட்டுப் புரட்டிப் புரட்டி, என் குடல் இப்படி இருக்குமென்று நினைக்கவில்லை, இளஞ்சிவப்பாக, ஈரமாக, விளக்கு பட்டு மின்னிக்கொண்டு, வளைந்து வளைந்து போகிறது, அப்போதுதான் மெழுகின தரை மாதிரி. அறுபது வருஷம் உள்ளே இத்தனை அழகை வைத்துக்கொண்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு வளைவு திரும்பியதும் நின்றது, அந்தக் காளான். மழைக்கு மறுநாள் முளைக்குமே, காம்பும் குடையுமாக, அப்படியே. நல்ல பிள்ளை மாதிரி நின்றது. ஒரு கம்பிச் சுருக்கை அதன் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள், அவித்த முட்டையை நூல் போட்டு அறுப்போமே, அதே கைப்பழக்கம்தான், விழுந்துவிட்டது. எத்தனை வருஷமாக வளர்ந்ததோ. "பத்து வருஷம் சும்மா இருந்துட்டு அப்புறம் புத்தி மாறும்" என்றது டாக்டர் பிள்ளை. புத்தி மாறுவதற்குள் பிடித்துவிட்டால் சுருக்குக் கம்பியோடு போயிற்று. மந்திரம் அண்ணனுக்குள்ளும் இப்படித்தான் ஒரு காளான் பத்து வருஷம் சும்மா நின்றிருக்கும், லாரியில் அவனோடு நாக்பூர் வரைக்கும் போய் வந்திருக்கும். ஒரு கம்பி. ஒரே ஒரு கம்பி போதுமாயிருந்தது. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே ஆவுடை, போனவர்களை விடு, நிற்கிறவனைப் பார்.

நிற்கிறவன் லேசுப்பட்டவனா? "எனக்கு இருக்கது வெறும் சூடு. பஸ்ஸை நிப்பாட்டிட்டு நாலு நாள் மோர் குடிச்சா சரியாப் போகும்" என்று ஒரு பாட்டு. "மோர் குடிச்சவுக எல்லாம் எங்கல இருக்காக? சொல்லு பார்ப்போம்." "யக்கா, ஆம்பளைக்குப் போய்ப் பின்னாடி குழாயா? ஸ்டாண்டுல தெரிஞ்சா பயலுவ எனக்கு ரிவர்ஸ் கியர்னு பேர் வச்சிருவானுவ. செத்தாலும் அந்தப் பேர் போகாது." "செத்தா எவன்ல கூப்பிடப் போறான், மூதி." இப்படியே இரண்டு வாரம். கடைசியில் இன்றைக்குக் காலையில் இங்கே வருகிற பஸ்ஸில், சீட் கிடந்தும் உட்காராமல் என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவன், தானே குனிந்து ஒரு பந்தயம் வைத்தான். "சரிக்கா, இன்னைக்கு ஒனக்குச் சொல்லுவாகள்ல. நாலும் இருக்குன்னு சொல்லிட்டாகன்னா அது நம்ம ரத்தத்துல இல்ல, ஒன்னோட போச்சு, அதுக்கப்புறம் குழாய்ப் பேச்சே எடுக்கப்படாது. ஒண்ணு இல்லன்னு சொன்னாகன்னா, நீ சொல்லுத இடத்துல படுக்கேன்." "சத்தியமா?" "சங்கிலிபூதத்தார் மேல சத்தியம்." தன் பேருக்குடைய சாமி மேல் சத்தியம் பண்ணினால் மீற மாட்டான். குடிக்க மாட்டேன் என்று ஒரு ஆடி அமாவாசைக்குச் சொன்னவன், இன்று வரைக்கும் தொட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அப்பாடா, ஒரு வழியாகப் பிடி கிடைத்தது என்று. பஸ் பாலத்தில் ஏறி இறங்குகிறபோதுதான் உறைத்தது. நாலும் இருந்தால் எனக்கு நல்லது. நாலும் இருந்தால் இவன் தப்பித்துப் போய்விடுவான்.

இது என்ன கணக்கு? அப்போதிருந்து இதையேதான் சுற்றிக்கொண்டிருக்கிறேன், செக்கு மாடு மாதிரி. ஒன்று குறையட்டும். மாடத்தியோ பிச்சம்மாவோ யாரோ ஒருத்தி வராமல் போகட்டும், கண்ணாடி நீலமாகவே கிடக்கட்டும், எனக்கு என்ன, வருஷா வருஷம் வந்து அந்தக் கடல் தண்ணியைக் குடிக்கிறேன், வெட்டவேண்டுமென்றால் வெட்டட்டும், இவன் படுப்பான், இவனுக்குள் இருக்கிற காளானைப் புத்தி மாறுவதற்குள் பிடித்துவிடுவார்கள். பூதத்தாரே, ஒன்று குறையட்டும். சொல்லி வாய் மூடவில்லை, பகீர் என்கிறது. ஒன்று குறைந்தால் அது குடும்பத்து ரத்தம் என்று அர்த்தம், பாதிக்குப் பாதி இவனுக்கும் அந்த ஒருத்தி இல்லாமல் போயிருக்கலாம், இவனுக்கு அது இருக்கட்டும் என்றா நான் வேண்டிக்கொள்கிறேன்? இடுப்பில் தூக்கி வளர்த்த வாயால்? வேண்டாம் பூதத்தாரே, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், நாலும் இருக்கட்டும். நாலும் இருந்தால்? பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவான், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காருவான், மோர் குடிப்பான், பெல்ட்டில் இன்னொரு ஓட்டை குத்துவான். அப்படியானால் ஒன்று குறையட்டும். ஐயோ, திரும்பவும். சாமிக்கே தலை சுற்றும், இவளுக்கு என்னதான் வேணும் என்று. எனக்கு வேண்டியது ஒன்றுதான், அவன் படுக்க வேண்டும். படுத்து, அந்த டிவியில் அவன் குடல் தெரிந்து, ஒன்றுமில்லை என்று யாராவது என்னிடம் சொல்லவேண்டும். அது நடக்கும். எப்படியென்று தெரியாது, நடக்கும். இவனை முதல் முதலாகப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் இப்படித்தான், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான், விரல் விரலாகப் பிரித்தேன். தூணைப் பார்த்தேன். ஆள் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டேன். காரிடார் முடிவில் கக்கூஸ் கதவு, தாழ்ப்பாள், அப்புறம் குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழுகிற சத்தம், முழுசாகத் திறந்துவிட்ட குழாய், நிற்கவே நிற்காத தண்ணீர். ஒரு ஆள் எதைக் கழுவ இத்தனை தண்ணீர்? உள்ளே முக்குகிறதும் முனகுகிறதும் வெளியே கேட்கக்கூடாது என்றால்தான் இத்தனை தண்ணீர். அடுப்படியில் வளர்ந்த காது இது, பத்து அடுப்பு எரிகிறபோது எந்தக் குண்டானில் பால் பொங்கப் போகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லுகிற காது, இதற்கா தெரியாது. வெளியே வந்தான். முகம் கழுவியிருந்தான். உதடு வெளுத்திருந்தது. "தண்ணி நல்லா வருதுக்கா இங்க" என்றான், யாரும் கேட்காததற்கு.

"ஆவுடையம்மா! யாரு ஆவுடையம்மா?" எழுந்தேன். அவனும் கூட வந்தான், கதவு வரைக்கும் வந்தவன், "பொம்பளை டாக்டரு, நீயே பேசு" என்று வாசலில் நின்றுகொண்டான். சாத்தினாலும் சாத்தாத கதவு அது. உள்ளே பெனிட்டா பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் உட்காருவதற்குள் தலையை நிமிர்த்தி, தெளிவாக, பாட்டு டீச்சர் மாதிரி, "நாலும் பாசிட்டிவ் ஆவுடையம்மா" என்றது. நாற்காலி எங்கே இருக்கிறது என்று கை தேடியது. பாசிட்டிவ். கொரோனாவில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு இந்த வார்த்தையைச் சொல்லித்தான் தகரம் வைத்து அடைத்தார்கள், பால்காரன் கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அந்த வார்த்தை ஒன்றுக்கே அப்படி, இங்கே நாலு. இத்தனை நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவள்தான், பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே செருப்பு தேய்கிற சத்தம், ஒரு எட்டு, இரண்டு எட்டு, கதவை விட்டு அது நகர்ந்து போனது. அவனுக்கும் கேட்டுவிட்டது. "ஐயோ, பயப்படாதீங்க" என்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தியது. "அந்த பாசிட்டிவ் இல்லைம்மா இது. இங்க பாசிட்டிவ்னா இருக்குன்னு அர்த்தம். நாலும் இருக்கு. சாயம் நல்லா ஏறியிருக்கு. குடும்ப வழியா வர்ற வகை இல்லைன்னுதான் இது சொல்லுது. வெட்டின ஓரமும் சுத்தம். சொன்ன தேதிக்கு வந்து இன்னொரு தரம் பார்த்துக்கிட்டாப் போதும்." மாடத்தி வந்திருக்கிறாள், பிச்சம்மா வந்திருக்கிறாள், ராசக்கனி, சுப்பு, நாலு பேரும் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, கூடவே மூக்கில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அப்புறம் கதவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன், "அப்போ என் தம்பிக்குப் பார்க்க வேண்டாமா? அவனுக்கு ரத்தம் போகுது. மெலிஞ்சிருக்கான்." கன்னக்குழி மறைந்துவிட்டது. "ரத்தம் போகுதா? எத்தனை நாளா? அந்த நாலும் ஒங்களுக்கு இருக்குங்கிறதுக்காக அவருக்கு முளை இருக்கக்கூடாதுன்னு சட்டமா? குடும்ப வழி இல்லாமத்தான் முக்காவாசிப் பேருக்கு வருது. அம்மா, அண்ணன், நீங்க, இதுக்கு மேல ரத்தம் வேற போகுதுன்னா இன்னைக்கே பேர் பதியச் சொல்லுங்க. மூலமாவே இருந்தாலும் பார்த்துட்டுத்தான் மூலம்னு சொல்லணும்."

வெளியே வந்தேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். எதிரே லாரி வந்தாலும் ஒதுங்காதவன் சுவரோடு சுவராக ஒதுங்கிப் போயிருந்தான். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டு போனது. "கேட்டுட்டேன்கா" என்றான். "நாலுமேவா? ஒண்ணாவது தப்பும்னு பார்த்தேனே." கண் நிறைந்துவிட்டது. சின்னப் பிள்ளையில் அம்மையைத் தூக்கிக்கொண்டு போனபோது கூட இவன் அழவில்லை, மூலையில் நின்று தேரைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். "நீ பயப்படாதக்கா, நான் இருக்கேன், எந்த ஊருக்குக் கொண்டு போணும்னாலும் கொண்டு போறேன், வண்டியை விட்டுருதேன்" என்று என் தோளைத் தடவுகிறான், அவன் கை சில்லென்று இருக்கிறது. சொல்லிவிடு ஆவுடை. ஒரு வார்த்தைதான், அது அந்தப் பாசிட்டிவ் இல்லைல மூதி, அக்காவுக்கு ஒன்றுமில்லை, நாலும் இருக்கிறது. சொன்னால் இந்த முகம் இப்போதே மலரும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மலர்ந்த முகத்தோடு, பந்தயத்தில் ஜெயித்தவனாக, படியிறங்கி டீக்கடைக்குப் போய் வடை வாங்கித் தருவான் எனக்கு. அவன் தின்ன மாட்டான். நான் வடையைப் பிட்டுக்கொண்டே அவன் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை அழுகிறான் என்று சங்கில் மருந்தை ஊற்றாமல் விட்டுவிடுகிறோமா? காலை மடக்கி மடியில் இடுக்கி, மூக்கைப் பிடித்து, அழ அழத்தானே புகட்டினேன் இவனுக்கு. நாக்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டேன். "ஆமா தம்பி" என்றேன், "நாலும் பாசிட்டிவ்." கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன், பூதத்தார் கேட்டால் இதையே சொல்லுவேன். அவன் கண்ணை மூடித் திறந்தான். தள்ளுவண்டி ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. "எங்க எழுதிக்குடுக்கணும்?" என்றான்.

கீழே இறங்கி, திரும்பி, ஜன்னல் வைத்த இடம், அங்கே வரிசை. படிக்கட்டின் தலைப்பில் அவன் கால் நின்றது. எனக்கு அது தெரியும், வண்டி ஓட்டுகிறவன் கால், பிரேக் எங்கே இருக்கிறது என்று தானே தேடும். "யக்கா, நாளைக்கு வந்து..." என்று ஆரம்பித்தான். நான் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கிறுகிறுன்னு வருதுல" என்றேன். அவ்வளவுதான், பதறிப்போய் என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுத் தாங்கிக்கொண்டான். வயிறு லேசாக, கால் திடமாக, பந்திக்கு ஓடுகிற பசியோடு இருந்த நான் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, சீக்காளி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினேன். அண்டா தூக்கின உடம்பு என் உடம்பு, கனம் கொஞ்சமா? அத்தனையையும் அவன் தோளில் போட்டேன், அக்காவை விட்டுவிட்டு ஓட முடியாதபடிக்கு. "மெல்லக்கா, மெல்ல" என்கிறான். மூச்சு வாங்குகிறது அவனுக்கு. வரிசையில் நின்றோம், முன்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள், விடட்டும். நாளைக்கு, டிவியில் அவன் குடலைப் பார்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், திட்டுவான், திட்டட்டும், ஒரு மாசம் பேசாமல் இருப்பான், இருக்கட்டும், இருந்தால் சரி. ஜன்னலுக்குள் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "என்னம்மா, ஒங்களுக்கா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். தோளுக்குக் கீழே அவன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது.

"இல்லம்மா" என்றான் சங்கிலி. "எனக்கு."